ஹோமர் என்று பெயர் போட்ட பிறந்தநாள் பரிசு: சிம்ப்சன்ஸ் முதல் சீசன், ஒன்பதாவது எபிசோட்

கிணற்றடி:
'தி சிம்ப்சன்ஸ்' என்கிற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை முதல் சீசனிலிருந்து வரிசையாக மறுபடி பார்த்துக்கொண்டு வருகிறேன், ஒன்பதாவது எபிசோடைத் தாண்ட முடியவில்லை. 'லைஃப் ஆன் தி ஃபாஸ்ட் லேன்', 1990 மார்ச் 18-இல் ஃபாக்ஸ் சேனலில் வந்தது. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மார்ஜுக்கு 34-வது பிறந்தநாள். புருஷன் ஹோமருக்குச் சுத்தமாக நினைவில்லை. கடைசி நேரத்தில் மாலுக்கு ஓடிப்போய் ஒரு பவுலிங் பந்தை (கிரிக்கெட் இல்லை, கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம்) வாங்கி வருகிறான். மார்ஜ் ஜென்மத்தில் பவுலிங் ஆடியதில்லை. பந்தில் போட்ட ஓட்டைகள் ஹோமரின் விரல் அளவுக்கு, மேலே பொறித்திருக்கிற பெயரும் ஹோமர். உனக்கு வேண்டாம் என்றால் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறான் என்று வேறு சொல்கிறான். அந்த ஆள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மார்ஜ் அன்றைக்கு அழுது தீர்த்துவிட்டு அடங்கிப் போயிருந்தால் கதையே இல்லை. சரி, இது என் பரிசுதானே, நானே வைத்துக்கொள்கிறேன், நானே ஆடுகிறேன் என்று பந்தைத் தூக்கிக்கொண்டு பார்னியின் பவுலிங் கூடத்துக்குப் போகிறாள். அங்கே ஜாக் என்று ஒரு பிரெஞ்சுக்காரன், பவுலிங் சொல்லிக்கொடுக்கிறவன். பேச்சிலேயே ஆளை மிதக்க விடுகிறவன். பாடம் நடக்கிறது, பழக்கம் வளர்கிறது, கடைசியில் தன் வீட்டுக்கே வரச் சொல்கிறான்.

இதை எல்லோரும் 'மனைவி பிறந்தநாளை மறந்த புருஷன்' கதை என்றுதான் சொல்கிறார்கள். மறதி இங்கே பெரிய விஷயமே இல்லை என்பது என் கட்சி. பிறந்தநாளை மறக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஞாபகம் வந்ததும் பதறிப்போய் எதையாவது செய்து சமாளிக்கிறார்கள். ஹோமருக்கு ஞாபகம் வந்த பிறகும், கடையில் நின்று அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்க வேண்டிய அந்த ஐந்து நிமிடத்திலும்கூட, அவன் தலைக்குள் மார்ஜ் வரவில்லை. தனக்குப் பிடித்தது அவளுக்கும் பிடிக்கும் என்று நினைத்திருந்தாலாவது முட்டாள் என்று விட்டுவிடலாம். இது அதற்கும் கீழே.

இப்படி ஒருவனுக்கு எபிசோடின் கடைசியில் ஒரே ஒரு நல்ல காட்சி வைத்திருக்கிறார்கள், அந்த சாண்ட்விச் காட்சி. என் கணக்கில் அது மன்னிப்புக் கேட்பதைவிடப் பெரிது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வெட்டிப்பேச்சு:
அந்தப் பந்து பெட்டியின் அடியைப் பிய்த்துக்கொண்டு நேராகக் கேக் மேல் விழுமே, அதோடு எபிசோடை நிறுத்தியிருந்தாலும் முழுப் படம் பார்த்த மாதிரிதான். ஒரே அடியில் பரிசு, கேக், கல்யாணம் மூன்றும் நசுங்கிவிட்டது.

பூவரசு:
கிணற்றடி, முதல் பாதியில் நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். சாண்ட்விச்சில்தான் சண்டை.

காட்சி என்ன? மார்ஜ் ஜாக் வீட்டுக்குக் கிளம்பவேண்டிய நாள் காலை. ஹோமருக்கு ஏதோ நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும்போது ஏதோ சொல்ல வருகிறான், வாயில் வரவில்லை. கடைசியில், நீ செய்கிற பீநட் பட்டர் சாண்ட்விச் எனக்கு எப்போதும் பிடிக்கும், மற்றவர்கள் செய்தால் ஜாம் ஓரத்தில் வழிந்து கையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும், உன்னுடையதில் ஜாம் நடுவிலேயே நிற்கும், எப்படித்தான் செய்கிறாயோ என்கிறான். சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். மார்ஜ் உருகுகிறாள். பார்க்கிற நாமும் உருகுகிறோம், நானும்தான்.

கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அவன் எதைப் புகழ்கிறான்? அவனுக்காக அவள் கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டை. அவன் கையில் பிசுக்கு ஒட்டாததை. அந்தப் பாராட்டிலும் நடுவில் நிற்பது ஹோமர்தானே? அவளைப் பற்றி, அவள் என்ன யோசிக்கிறாள், இத்தனை நாள் ராத்திரி எங்கே போகிறாள், ஏன் போகிறாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் 'என் வீட்டுக்காரி வைக்கிற ரசம் மாதிரி வராது' என்று கல்யாண வீட்டில் ஊர் முன்னால் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பாட்டிகள் வெட்கப்படுவார்கள், அது உண்மைதான். அதே பாட்டிகளிடம் தனியாகக் கேட்டால் வேறு கதை வரும்.

ஜாக் அவளுக்கு ஒரு பரிசு கொடுக்கிறான், கவனித்தீர்களா? பவுலிங் ஆடும்போது போட்டுக்கொள்கிற கிளவுஸ். அதில் மார்ஜ் பெயர் இருக்கிறது. புருஷன் கொடுத்த பந்தில் புருஷன் பெயர், வெளியாள் கொடுத்த கிளவுஸில் அவள் பெயர். இதை எழுதியவர்கள் யாருக்குச் சாதகமாகப் பேசினார்கள் என்று இதற்கு மேலும் சந்தேகம் வேண்டுமா?

செவ்வகம்:
எழுதியவர் ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர், இயக்கம் டேவிட் சில்வர்மேன். சில்வர்மேன்தான் பிறகு 2007-இல் வந்த சிம்ப்சன்ஸ் திரைப்படத்தையும் இயக்கினார். இந்த எபிசோட் 1990-இல் சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சிக்கான எம்மி விருதை வாங்கியது. முதல் சீசன் படங்கள் கோணல் மாணலாக இருக்கும் என்று இப்போது கிண்டல் செய்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்குக்குக் குரல் கொடுத்தது ஆல்பர்ட் புரூக்ஸ், ஆனால் டைட்டிலில் 'ஏ. புரூக்ஸ்' என்றுதான் போட்டிருப்பார்கள். முதலில் அந்தப் பாத்திரம் ஸ்வீடன்காரன், டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறவன். பிறகு பவுலிங் என்று மாற்றினார்கள், பிரெஞ்சுக்காரனாக்கியது புரூக்ஸ். டென்னிஸ் என்றால் கொஞ்சம் பணக்கார வாடை வந்திருக்கும். கதை நடக்கிற ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் புதன்கிழமை ராத்திரி பீர் வாடை அடிக்கிற பவுலிங் கூடத்தில் ஒருவன் பாரிஸ் ராஜகுமாரன் மாதிரி நடந்துகொள்வதுதான் நகைச்சுவை. புரூக்ஸ் பேப்பரில் இல்லாத வசனத்தையெல்லாம் பேசித் தள்ளுகிறவர், இந்த எபிசோடிலும் அப்படித்தான்.

இன்னொன்று. இந்தத் தொடருக்காக முதலில் தயாரான எபிசோட் எது தெரியுமா? சீசனின் கடைசியாக 1990 மே 13-இல் வந்த 'சம் என்சான்டட் ஈவினிங்'. அனிமேஷன் மோசமாக வந்துவிட்டதால் பெரும்பகுதியைத் திரும்ப வரைய வேண்டியதாகி, கடைசிக்குப் போய்விட்டது. அதில் கதை என்ன? மார்ஜ் ரேடியோவில் பேசுகிற ஒரு மனநல டாக்டருக்கு போன் போட்டு, என் புருஷன் என்னைக் கண்டுகொள்வதே இல்லை என்று அழுகிறாள். ஹோமர் வேலை செய்கிற இடத்தில் அந்த ரேடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக, மனைவியைக் கவனிக்காத புருஷன் என்பது இந்தத் தொடரின் ஒன்பதாவது கதை இல்லை, முதல் கதையே அதுதான்.

நள்ளிரவு ரயில்:
அக்கா (பூவரசு), நீங்கள் ஹோமரைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், ஜாக்கை யார் விசாரிப்பது? பெயர் போட்ட கிளவுஸ் ஒன்றும் அன்பு இல்லை. மார்ஜ் மயங்கி விழுந்து ஒரு கனவு காண்பாளே, அதில் ஜாக்கின் வீட்டில் வரிசையாகக் கோப்பைகள் அடுக்கியிருக்கும். அது அவள் மனதே அவளுக்குச் சொல்கிற எச்சரிக்கை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இவனுக்கு நீ இன்னொரு கோப்பை, அவ்வளவுதான்.

ஹோமர் அந்த கிளவுஸைக் கண்டெடுக்கிற காட்சியில் என்ன செய்கிறான்? கத்தவில்லை. எங்கே போனாய், யார் அவன் என்று கேட்கவில்லை. இவ்வளவுக்கும் இது குழந்தை குறும்பு செய்தால் கழுத்தைப் பிடித்து நெரிக்கிற ஹோமர். மகனோடு பந்து விளையாடிக்கொண்டிருக்கும்போது கை தளர்ந்து நிற்கிறான், பந்து வந்து மேலே படுவதுகூடத் தெரியவில்லை. பார்ட் வந்து, என்ன செய்வதென்று தெரியாதபோது வாயை மூடிக்கொண்டு இரு, அதனால் நிலைமை இன்னும் கெடாமலாவது இருக்கும் என்று நீதானே எனக்குச் சொல்லித்தந்தாய் என்கிறான். பத்து வயசுப் பையன் அப்பாவின் முட்டாள்தனமான அறிவுரையை அப்பாவுக்கே திருப்பிக் கொடுக்கிறான், அது சரியாகவும் அமைந்துவிடுகிறது. ஹோமர் முதல்முறையாகத் தன் வாயை அடக்கிக்கொள்கிறான். அந்த சாண்ட்விச் பேச்சு அந்த மௌனத்திலிருந்து வருகிறது. அதை வெறும் 'சாப்பாட்டைப் புகழ்கிற ஆம்பளை' என்று தள்ளிவிட முடியாது. இவனுக்குத் தெரிந்த ஒரே மொழி சாப்பாடு. டோனட்டைப் பற்றிக் கவிதையாகப் பேசுகிறவன் அவன். தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்துக் கொடுக்கிறான்.

பூவரசு:
தம்பி, வாயை மூடிக்கொண்டிருப்பதை ஒரு புருஷனின் சாதனையாகச் சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டோமா நாம்!

ஜாக் மோசமானவன் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. அவன் கூட்டிப்போகிற அந்த விருந்து ஞாபகமிருக்கிறதா, காலைச் சாப்பாடும் இல்லாத மதியச் சாப்பாடும் இல்லாத இடைப்பட்ட ஒன்று? அதை அவன் விளக்குகிற அழகிலேயே தெரியும், இவன் எதையும் பாதியாகத்தான் தருவான் என்று. ஆனால் மார்ஜ் அவனிடம் போனது அவன் நல்லவன் என்பதற்காக இல்லை. அவன் கேள்வி கேட்டான், பதிலைக் கேட்டான், சிரிக்க வைத்தான். வீட்டில் அது இல்லை. ஒரு மோசடிக்காரனே இதையெல்லாம் செய்ய முடிகிறது என்றால் பத்து வருஷம் கூட வாழ்கிறவனால் ஏன் முடியவில்லை? எபிசோட் கேட்கிற கேள்வி இது என்று நினைக்கிறேன், பதில் சொல்லாமல் நழுவுகிறது.

மொட்டைமாடி:
வந்தேன் வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் ஹோமரா ஜாக்கா என்று அடித்துக்கொள்கிறீர்கள், பிள்ளைகளை யாருமே பேசவில்லையே. மார்ஜ் குற்ற உணர்ச்சியில் பார்ட்டுக்கும் லிசாவுக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொடுக்கிற சாப்பாடு திடீரென்று திருவிழா மாதிரி ஆகிவிடும். பார்ட் கொண்டாடுகிறான். லிசாவுக்குத்தான் உடனே புரிகிறது, அம்மா எதையோ ஈடுகட்டப் பார்க்கிறாள் என்று. எட்டு வயசுக் குழந்தைக்குத் தெரிகிறது, கட்டில் பங்குபோடுகிறவனுக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கு இந்த எபிசோடில் வயிற்றைப் பிசைந்த இடம் அதுதான், சாண்ட்விச் இல்லை.

கவனியுங்கள், அங்கேயும் சாப்பாடுதான். அந்த வீட்டில் யாருக்கும் எதையும் நேராகச் சொல்லத் தெரியாது போல. மார்ஜ் தன் தப்பை டிபன் டப்பாவில் போட்டுக் கொடுக்கிறாள், ஹோமர் தன் பயத்தை சாண்ட்விச் பேச்சில் சொல்கிறான். அந்த வகையில் இரண்டும் சரியான ஜோடி.

கிணற்றடி:
மொட்டைமாடி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, அருமை. பூவரசு, 'அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது' என்பதில் நான் ஒத்துப்போக மாட்டேன். ஜாம் நடுவில் நிற்கிறது என்பதைக் கவனிக்க, ஒருவன் பல வருஷம் அந்த சாண்ட்விச்சைக் கவனித்திருக்க வேண்டும், மற்றவர்கள் செய்ததோடு ஒப்பிட்டிருக்க வேண்டும், அதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது என்று உணர்ந்திருக்க வேண்டும். பந்து வாங்கியவன் மார்ஜைப் பார்க்கவே இல்லை என்றேன் அல்லவா, சாண்ட்விச் பேசுகிறவன் அவள் செய்கிற ஒரு சின்ன வேலையையாவது பார்த்திருக்கிறான். அவனுக்குக் கொஞ்சமாவது பார்வை இருக்கிறது என்பதற்கு மார்ஜுக்குக் கிடைத்த ஒரே ஆதாரம் அது. அவள் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது அந்த ஆதாரம்தான் கூடவே போகிறது.

மொட்டைமாடி:
அந்தக் கார் காட்சியைப் பற்றி. சாலை இரண்டாகப் பிரிகிறது, ஒரு பக்கம் ஜாக் இருக்கிற ஃபியெஸ்டா டெரஸ், இன்னொரு பக்கம் ஹோமர் வேலை செய்கிற அணுமின் நிலையம். வழியெல்லாம் ஜோடி ஜோடியாக மனிதர்கள் கண்ணில் படுகிறார்கள். இது கொஞ்சம் கூடுதல்தான், இயக்குநர் நம் தலையில் குட்டிச் சொல்கிற மாதிரி. ஆனால் அங்கே அவள் தனியாக இருக்கிறாள், ஹோமர் இல்லை, ஜாக் இல்லை, வசனமும் இல்லை. முடிவு முழுக்க அவளுடையது.

அடுத்து வெட்டு, அணுமின் நிலையம். இங்கேதான் அந்தப் பிரபலமான கிண்டல், 1982-இல் வந்த 'ஆன் ஆஃபிசர் அண்ட் எ ஜென்டில்மேன்' படத்தின் கடைசிக் காட்சி. அந்தப் படத்தில் வெள்ளைச் சீருடை போட்ட ரிச்சர்ட் கியர், தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருக்கிற டெப்ரா விங்கரைத் தேடி உள்ளே நடந்து வந்து தூக்கிக்கொண்டு போவார், சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுவார்கள். இங்கே யார் நடந்து வருகிறது? மார்ஜ். இயந்திரங்களுக்கு நடுவே நிற்பது ஹோமர். நாயகன் வேஷம் மார்ஜுடையது. கடைசியில் தூக்குவது மட்டும் ஹோமர், அவள் தூக்கினால் முதுகு போய்விடும் என்பதால் இருக்கலாம்.

வெட்டிப்பேச்சு:
யாராவது கேட்டால் என்ன சொல்லட்டும் என்று சக ஊழியன் கேட்க, நான் நேசிக்கிற பெண்ணோடு காரின் பின் சீட்டுக்குப் போகிறேன், பத்து நிமிஷம் வரமாட்டேன் என்பானே. பத்து நிமிஷம்! காவியத்தைக் கிளைமாக்ஸில் கவிழ்த்த ஒரே வார்த்தை.

பூவரசு:
மொட்டைமாடி, இது நல்ல பார்வை, நான் அப்படி யோசித்ததில்லை. ஆனால் அதையே என் பக்கத்துக்கு இழுத்துக்கொள்கிறேன். நாயகன் வந்து மீட்பது தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டிருக்கிற ஏழைப் பெண்ணை. மார்ஜ் வந்து மீட்பது யாரை? புருஷனை. அவன் செய்த தப்பின் விளைவிலிருந்து அவனையே மீட்கிறாள். இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்ற வேண்டிய வேலையும் அவள் தலையில்தான், சாண்ட்விச் மாதிரியே.

வெட்டிப்பேச்சு சொன்ன பத்து நிமிஷம் ஜோக்கும் என் கட்சிதான். ஸ்வார்ட்ஸ்வெல்டர் அந்த இசையும் தூக்கலும் எல்லாம் கொடுத்துவிட்டு, இது பத்து நிமிஷச் சந்தோஷம்தான் என்று காதோடு சொல்லிவிட்டுப் போகிறார்.

செவ்வகம்:
பத்து நிமிஷம் என்பது சரியாக ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த எபிசோட் 'ஹோமர்ஸ் நைட் அவுட்', 1990 மார்ச் 25. அதில் ஒரு பார்ட்டியில் நடனக்காரியோடு ஆடுகிற ஹோமரை பார்ட் போட்டோ எடுத்துவிட, அந்தப் போட்டோ ஊர் முழுக்கப் பரவுகிறது. மார்ஜ் அவனை வீட்டை விட்டு வெளியே அனுப்புகிறாள். தூக்கிக்கொண்டு போன ஏழாவது நாள்!

ஆனால் அதில் மார்ஜ் கேட்பது வித்தியாசமாக இருக்கும். எனக்குப் பூ வாங்கிக்கொடு என்று கேட்கவில்லை. நீ அந்தப் பெண்ணை ஒரு பொருளாகப் பார்த்ததை உன் மகன் பார்த்துவிட்டான், அவனைக் கூட்டிக்கொண்டு போய் அவளிடமே மன்னிப்புக் கேள் என்கிறாள். முதல் சீசன் மார்ஜ் நாம் நினைப்பதைவிட ரொம்பக் கறார்.

நள்ளிரவு ரயில்:
அடுத்த வாரமே பழையபடி ஆகிவிட்டான் என்பதை ஹோமர் மேல் போடுவது நியாயமில்லை. சிட்காம், அதாவது வாராவாரம் வருகிற நகைச்சுவைத் தொடர் என்றால் 22 நிமிஷத்தில் எல்லாம் பழைய இடத்துக்கு வந்து நிற்க வேண்டும், அடுத்த வாரம் டிவி போடுகிறவனுக்குப் போன வாரக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவன் நிஜமாகவே திருந்திவிட்டால் தொடர் முடிந்துவிடும்.

பூவரசு:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த விதியின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஹோமர் மறக்கலாம், மார்ஜ் ஒவ்வொரு வாரமும் மன்னிக்க வேண்டும்.

இரண்டாவது சீசனில் 'தி வார் ஆஃப் தி சிம்ப்சன்ஸ்' (1991 மே 2) இருக்கிறது, அதையும் ஸ்வார்ட்ஸ்வெல்டர்தான் எழுதினார். ஹோமர் வீட்டில் வைத்த விருந்தில் குடித்துவிட்டு மானத்தை வாங்குகிறான். பாதிரியார் லவ்ஜாய் ஏரிக்கரையில் நடத்துகிற தம்பதிகள் முகாமுக்கு மார்ஜ் அவனைக் கூட்டிப்போகிறாள். அவன் மீன்பிடிக்கிற சாமான்களை மூட்டைகட்டிக்கொண்டு வருகிறான்! அங்கே அவன் குறைகளைச் சொல்லச் சொன்னால் மார்ஜ் மூச்சுவிடாமல் சொல்கிறாள்: பிறந்தநாள், கல்யாண நாள் எதுவும் நினைவிருக்காது, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லுவான், சாவியால் உடம்பைச் சொறிந்துகொள்வான். பட்டியல் முடிந்ததும் பாதிரியார், என் அனுபவத்தில் முதல்முறையாக ஒருவர் பக்கம் நூற்றுக்கு நூறு சரி என்று சொல்கிறேன், தப்பு முழுக்க அவனுடையது, சான்றிதழே எழுதித் தருகிறேன் என்கிறார். நான் கத்திச் சிரித்த இடம். இதே தொடர், இதே எழுத்தாளர். தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, நள்ளிரவு ரயில் தம்பி மேல்முறையீடு செய்துகொண்டிருக்கிறார்.

நள்ளிரவு ரயில்:
மேல்முறையீடு செய்கிறேன், ஆமாம். அதே எபிசோடின் கடைசியில் ஹோமர் அந்த ஏரியிலேயே யாராலும் பிடிக்க முடியாத 'ஜெனரல் ஷெர்மன்' என்கிற மீனைப் பிடித்துவிட்டு, மார்ஜுக்காகத் திரும்பத் தண்ணீரில் விடுகிறான். அவன் வாழ்க்கையில் பெயர் கிடைக்க இருந்த ஒரே சந்தர்ப்பம் அது. சாண்ட்விச்சில் சொல் மட்டும்தான் என்றால், மீனில் செயல் இருக்கிறது. சொல்லிலிருந்து செயலுக்கு ஒரு வருஷத்தில் வந்திருக்கிறான், ஹோமர் வேகத்துக்கு இது ராக்கெட்.

கிணற்றடி:
மீனை விட்டதற்குக் கைதட்ட வேண்டியதுதான், ஆனால் மனைவி தூங்குகிறாள் என்று மீன்பிடிக்க நழுவப் பார்த்தவனும் அவன்தானே. தானே தோண்டிய குழியை மூடியதற்கு மெடலா?

எனக்கு வேறொரு சந்தேகம். ஹோமருக்கு ஆசை வருகிற எபிசோடுகளும் இருக்கின்றன. மூன்றாவது சீசனில் பாட்டுப் பாடுகிற லர்லீன், ஐந்தாவது சீசனில் கூட வேலை செய்கிற மிண்டி. இரண்டு இடத்திலும் மார்ஜ் அவனுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆசை வெளியிலிருந்து தானாக வந்து மேலே விழுகிறது, அவன் தப்பித்து வீட்டுக்கு வருவதையே பெரிய தியாகமாகக் காட்டுகிறார்கள். மார்ஜுக்கு ஆசை வர மட்டும் இப்படிப் பந்தும் கேக்கும் கண்ணீருமாக அரை எபிசோட் நியாயம் சேர்க்க வேண்டியிருக்கிறது. காரணம் இல்லாமல் ஒரு மனைவிக்கு மனம் சலனப்பட்டால் பார்க்கிறவர்கள் மன்னிக்க மாட்டார்கள் என்று பயந்தார்களோ?

மொட்டைமாடி:
பயந்திருப்பார்கள். 1990 அமெரிக்க டிவி, அதுவும் கார்ட்டூன், அதில் மூன்று குழந்தைகளின் அம்மா இன்னொருவன் வீட்டுக்குக் காரில் கிளம்புகிறாள் என்பதே அன்றைக்குப் பெரிய தைரியம். அவளைப் பாதி வழி அனுப்பிவிட்டுத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். முழு வழி போக விட்டிருந்தால் எம்மி கிடைத்திருக்குமா தெரியாது, ரொம்பப் பேர் டிவியை அணைத்திருப்பார்கள் என்பது மட்டும் என் ஊகம்.

செவ்வகம்:
திரும்பி வராத தம்பதியையும் காட்டினார்கள், ஆனால் வேறு வீட்டில். எட்டாவது சீசன், 'எ மில்ஹவுஸ் டிவைடட்', 1996 டிசம்பர் 1. மார்ஜ் வைக்கிற விருந்தில் பார்ட்டின் நண்பன் மில்ஹவுஸின் அப்பா கிர்க்கும் அம்மா லுவானும் படம் வரைந்து கண்டுபிடிக்கிற விளையாட்டில் சண்டை போட்டுக்கொண்டு, அங்கேயே லுவான் விவாகரத்துக் கேட்கிறாள். எபிசோட் முடிவில் அவர்களைச் சேர்த்துவைப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்க்க, சேர்க்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் பிரிந்தே இருந்தார்கள், 2007-இல்தான் மறுபடி கல்யாணம். எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்கிற விதியை உடைக்க முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள்.

அதில் கிர்க்கைப் பார்த்து ஹோமருக்குப் பயம் வருகிறது, நமக்கும் இதுதான் நடக்குமோ என்று. முதல் கல்யாணம் மலிவான இடத்தில் அவசரமாக நடந்தது, விருந்து லாரிக்காரர்கள் நிற்கிற ஹோட்டலில், கேக் திமிங்கில வடிவத்தில். இவளுக்கு ஒழுங்கான கல்யாணம்கூடத் தரவில்லையே என்று உறைத்து, கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கி, எல்லோரையும் கூட்டி வைத்து மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறான்.

நள்ளிரவு ரயில்:
இதைத்தான் சொல்ல வந்தேன், செவ்வகம் முந்திக்கொண்டார். மார்ஜ் கேட்கவே இல்லை, அவனாகவே யோசித்தான். பந்து வாங்கியவனால் இதை யோசித்திருக்க முடியுமா?

பூவரசு:
மார்ஜைக் கேட்காமல் விவாகரத்து வாங்கினான் தம்பி. அவளுக்கே தெரியாது. தான் விவாகரத்து ஆனவள் என்று இன்னொரு கல்யாண மேடையில்தான் தெரிந்துகொள்கிறாள். கேட்காமல் பந்து வாங்கினான், கேட்காமல் விவாகரத்து வாங்கினான். ஆறு வருஷத்தில் பரிசின் சைஸ்தான் பெரிசாகியிருக்கிறது.

நள்ளிரவு ரயில்:
அக்கா, இந்த முறை பரிசில் அவள் பெயரும் இருந்தது, கல்யாணப் பத்திரிகையில்.

பூவரசு:
ஹா ஹா, சரி, இதற்கு அரை மார்க்.

வெட்டிப்பேச்சு:
இந்த எபிசோடைப் பேசிவிட்டு கிர்க் தன் சோகத்தையெல்லாம் பாட்டாகப் பாடி கேசட் போட்டதை விட்டுவிட்டீர்களே. ஹோமரின் கல்யாணத்தில் எல்லோர் முன்னாலும் அந்தப் பாட்டைப் பாடி லுவானைத் திரும்பக் கூப்பிடுகிறான், அவள் முடியவே முடியாது என்கிறாள். அந்த ஊரிலேயே புத்தியுள்ள பெண்மணி.

கிணற்றடி:
அடுத்தது 'ஹோமர்ஸ் நைட் அவுட்'. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அந்த மன்னிப்புக் காட்சியைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. பூவரசு, நள்ளிரவு ரயில், இரண்டு பேரும் இதே இடத்தில் உட்கார்ந்து சண்டை போடாமல் அங்கே வந்துவிடுங்கள். 'வார் ஆஃப் தி சிம்ப்சன்ஸ்' வரும்போது அந்தச் சான்றிதழ் விஷயத்தை மறுபடி எடுப்போம், அதில் லவ்ஜாய்மேலேயே எனக்கு ஒரு புகார் இருக்கிறது.